நாய், பார்க்கிங், மெயின்டனன்ஸ்: அபார்ட்மென்ட் அசோசியேஷன் எதையெல்லாம் முடிவு செய்யலாம்?

காலை ஏழு மணி. “நல்ல பிளம்பர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?” என்று அபார்ட்மென்ட் குரூப்பில் ஒருவர் கேட்கிறார். பத்து நிமிடத்தில் நான்கு நம்பர் வந்துவிடுகிறது. மதியம் இன்னொருவர், “வாட்டர் ஃபில்டர் சர்வீஸுக்கு எவ்வளவு வாங்கறாங்க?” என்கிறார். அதற்கும் பொறுமையாகப் பதில். இரவு ஒன்பதரைக்கு ஒரு போட்டோ வருகிறது: லிஃப்ட் வாசலில் ஈரம். “இது யார் வீட்டு நாய்?” அவ்வளவுதான். பிளம்பர் நம்பர் கேட்டவரும் கொடுத்தவரும் எதிரெதிர் அணி.

கடைசியில் எல்லாச் சண்டையும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும்: “ஜெனரல் பாடியில முடிவு பண்ணியாச்சு சார், அதான் ரூல்.” பலரும் இதோடு அடங்கிப்போகிறார்கள். சிலர், “உங்க ரூலை யார் மதிச்சா?” என்று கதவைச் சாத்துகிறார்கள். இரண்டுமே சரியில்லை. அசோசியேஷனுக்கு நிஜமான அதிகாரம் உண்டு. ஆனால், மெஜாரிட்டி கை தூக்கினால் எதையும் செய்துவிடலாம் என்ற அளவுக்கு அது கிடையாது. கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அசோசியேஷன் என்பது யார்?

தமிழ்நாட்டில் பெரும்பாலான அசோசியேஷன்கள் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. சட்டத்தின் பார்வையில் அது ஒரு சங்கம். அதற்கென்று ஒரு பைலா இருக்கும். நிர்வாகக் குழு அதன்படிதான் நடக்க வேண்டும். இதற்கு மேல் அபார்ட்மென்ட்களுக்கென்றே தனிச் சட்டமும் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இப்போது நடைமுறையில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்ற ஏற்பாடு இதில் வந்ததால்தான் இந்தச் சட்டம் அதிகம் பேசப்பட்டது.

இந்தச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டதுதான் பைலா. பைலாவுக்குக் கட்டுப்பட்டதுதான் ஜெனரல் பாடி தீர்மானம். செக்ரட்டரி இரவு பதினொரு மணிக்கு டைப் செய்து போடும் ‘இன்று முதல்...’ அறிவிப்பு, இந்த வரிசையில் எங்குமே வராது.

நாய் விவகாரம்

முதலில் இரண்டு நாய்களைப் பிரித்துக்கொள்வோம். வீட்டு நாய் வேறு, தெரு நாய் வேறு. குரூப்பில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சூடு ஏறுகிறது.

வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தாலும் தடை செல்லாது. ‘பொமரேனியன் ஓகே, லேப்ரடார் கூடாது’ என்று சைஸ் பார்த்துப் பிரிப்பதும், லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்பதும் அப்படியே. இது சட்டமன்றம் இயற்றிய சட்டமல்ல, வழிகாட்டுதல்தான். ஆனாலும் தகராறு போலீஸ் வரை போனால் முதலில் எடுத்துக் காட்டப்படுவது இதுதான்.

அப்படியானால் நாய் வளர்ப்பவர் வைத்ததுதான் சட்டமா? இல்லை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம்; ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பொது இடத்தில் கயிற்றோடு கூட்டிவாருங்கள், அசுத்தம் செய்தால் சுத்தம் செய்யுங்கள் என்று அசோசியேஷன் தாராளமாகக் கேட்கலாம். ‘நாய் இருக்கக் கூடாது’ என்று சொல்ல முடியாது. ‘நாயை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லலாம். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் மற்றச் சண்டைகளுக்கும் பெரும்பாலும் உதவும்.

தெரு நாய் இன்னும் சிக்கல். பயம் வெறும் கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின; ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். பேரனைக் கீழே விளையாட அனுப்பப் பயப்படும் தாத்தாவிடம் போய், “உங்களுக்கு மனிதாபிமானம் இல்லை” என்பது எந்த வகையிலும் நியாயமில்லை. அதேபோல, பத்து வருடமாகச் சோறு வைத்து, சொந்தக் காசில் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யும் பெண்ணிடம், “அவ்வளவு பாசம்னா உங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போங்க” என்பதும்.

விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 இதற்கென்றே ஒரு விதியை வைத்திருக்கின்றன. 20-ஆவது விதி. வளாகத்துக்குள் இருக்கும் தெரு விலங்குகளுக்கு உணவு வைக்க ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்கிறது அது. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால், அந்த விதியின் மறுபாதியை நாய்ப் பிரியர்களும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்: உணவு வைக்கும் இடம் மாடிப்படி, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளியிருக்க வேண்டும், குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும், இடத்தை அசுத்தமாக விடக் கூடாது. அதாவது, கார் பார்க்கிங்கில் கிண்ணம் வைத்துவிட்டு ‘சட்டம் என் பக்கம்’ என்று சொல்ல முடியாது.

இதற்கு நடுவில்தான் உச்ச நீதிமன்றம் வந்தது. 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லி வட்டாரத் தெரு நாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது இரண்டு நீதிபதிகள் அமர்வு. பதினோரு நாளில், ஆகஸ்ட் 22-இல், மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபிஸ் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் விதிவிலக்கு. தெருவில் கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. வழக்கை நாடு முழுவதற்கும் விரித்தது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கேயே திருப்பி விடாமல் இருக்கவும் உத்தரவிட்டது. இந்தப் பட்டியலில் அபார்ட்மென்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு’ என்று ஆள் வைத்து நாயைப் பிடித்து வேறு ஏரியாவில் விட்டுவருவதற்கு எந்த உத்தரவும் அனுமதி தரவில்லை. விஷம் வைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் குற்றம்; ஐந்து வருடம் வரை சிறை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். யாரையாவது கடித்துவிட்டால் முதல் வேலை, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது. பிறகு நேராக ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். வளர்ப்பு நாய் கடித்தாலும் இதேதான். “எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு ஆன்ட்டி, ஒண்ணும் ஆகாது” என்ற பேச்சைக் கேட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

சதுர அடியா, வீட்டுக்கு இவ்வளவா?

நாய்ச் சண்டையில் சத்தம் அதிகம். பணம் அதிகம் புரள்வது இங்கேதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். பன்னிரண்டு வீடு. ஆறு வீடு 650 சதுர அடி, ஆறு வீடு 1,300 சதுர அடி. மாதச் செலவு 60,000 ரூபாய். வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 5,000. சதுர அடிப்படி பிரித்தால் சின்ன வீட்டுக்கு 3,333, பெரிய வீட்டுக்கு 6,667. வித்தியாசம் 1,667 ரூபாய். ஐ.டி. சம்பளத்தில் இது ஒரு வார இறுதிச் சாப்பாட்டுச் செலவு. பென்ஷனில் தனியாக இருக்கும் ஒரு மாமிக்கு அது மாத்திரைச் செலவு.

இரு தரப்பிலும் வாதம் இருக்கிறது. “வாட்ச்மேன் என் வீட்டுக்கு மட்டும் ரெண்டு மடங்கு காவல் காக்கறாரா?” என்பது பெரிய வீட்டுக்காரரின் கேள்வி. “கட்டடத்துல உங்க பங்கு ரெண்டு மடங்கு. வித்தா பணமும் ரெண்டு மடங்கு. செலவு மட்டும் சமமா?” என்பது சின்ன வீட்டுக்காரரின் பதில்.

சட்டம் எந்தப் பக்கம் என்பது, உங்கள் குடியிருப்பு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்தது. அபார்ட்மென்ட் உரிமைச் சட்டங்களின் பொதுவான அடிப்படை, பிரிபடாத பங்கு, அதாவது யூ.டி.எஸ். பத்திரத்தில் நிலத்தில் உங்களுக்கு எவ்வளவு பங்கோ, பொதுச் செலவிலும் அவ்வளவு. புனேயில் ஒரு குடியிருப்பில் இதே சண்டை வந்து, பெரிய வீட்டுக்காரர்கள் அதிகம் கொடுப்பதுதான் சரி என்று 2025-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால், அதே மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களில் சேவைக் கட்டணம் எல்லா வீட்டுக்கும் சமம். மும்பையில் இருக்கும் மாமா சொன்னார் என்று இங்கே வாதாடுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் இந்தச் சண்டையில் பாதி, தண்ணீரை இதிலேயே சேர்த்துக் கட்டுவதால் வருவது. 650 சதுர அடியில் ஆறு பேர் இருக்கலாம். 1,300-இல் இரண்டு பேர் இருக்கலாம். டேங்கர் லாரிச் செலவுக்கு சதுர அடியும் சரியான அளவுகோல் இல்லை, சமப் பங்கும் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது லாரிக்காகப் பல அபார்ட்மென்ட்கள் கொட்டிய பணம் கொஞ்சமல்ல. வீட்டுக்கு வீடு வாட்டர் மீட்டர் மாட்டி, தண்ணீரைத் தனியாகப் பிரித்துவிட்டால், மிச்சத்தைப் பேசித் தீர்ப்பது சுலபம்.

இன்னும் இரண்டு விஷயம், இதில் நேரடியாகப் பணம் மிச்சமாகும்.

ஒன்று ஜி.எஸ்.டி. மாத மெயின்டனன்ஸ் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. அதைத் தாண்டி, அசோசியேஷனின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். எதன் மீது 18? மொத்தத் தொகைக்கும் என்றது 2019-இல் வந்த வரித்துறைச் சுற்றறிக்கை. 7,500-க்கு மேல் உள்ளதற்கு மட்டும்தான் என்றது 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம். உங்கள் மெயின்டனன்ஸ் 9,000 என்றால் முதல் கணக்கில் வரி 1,620, இரண்டாவதில் 270. உங்கள் பில்லில் எந்தக் கணக்கு ஓடுகிறது என்று செக்ரட்டரியிடம் கேளுங்கள், அவர் ஆடிட்டரிடம் கேட்கட்டும்.

இரண்டாவது பொது மின் இணைப்பு. மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான கட்டணம் 2022-இல் யூனிட்டுக்கு எட்டு ரூபாயானது. சின்ன அபார்ட்மென்ட்கள் புலம்பியதில், பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5.50 ரூபாயாகக் குறைக்கப்படும் என்று 2023 அக்டோபரில் அரசு அறிவித்தது. பழைய மூன்று மாடி ஃபிளாட்டில் இருப்பவர்கள், பொது மீட்டரின் பில்லில் எந்தக் கட்டணப் பிரிவு போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாக்கி வைத்தால் தண்ணீரை நிறுத்தலாமா?

“ஆறு மாசமா கட்டல. வால்வை மூடிட்டா தானா வருவார்.” அநேகமாக எல்லா ஜெனரல் பாடியிலும் யாராவது ஒருவர் சொல்லும் யோசனை இது. கைத்தட்டலும் கிடைக்கும். செய்யாதீர்கள்.

தண்ணீரும் மின்சாரமும் அடிப்படைத் தேவை என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன. ஒருவர் அங்கே வசிக்கும் வரை மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வாடகைத் தகராறில் சொன்னது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், தகுந்த காரணமின்றி அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று வீட்டு உரிமையாளரையும் பராமரிப்பாளரையும் தடுக்கிறது.

பாக்கியை வசூலிக்க வேறு வழி இல்லையா? இருக்கிறது, மெதுவான வழி. பைலாவில் வட்டி இருந்தால் போடலாம். எழுத்தில் நோட்டீஸ் அனுப்பலாம். சிவில் நீதிமன்றம் போகலாம். பண வசூல் வழக்குக்குக் காலக்கெடு மூன்று வருடம் என்பதால், ‘பாவம், போகட்டும்’ என்று நான்கு வருடம் விட்டுவிட்டு ஐந்தாவது வருடம் கொதித்துப் பயனில்லை. வீட்டை விற்கும்போது, வாங்குபவர் பாக்கி இல்லை என்ற கடிதம் கேட்பார். பெரும்பாலான பாக்கி அப்போதுதான் வசூலாகிறது. யார் எவ்வளவு பாக்கி என்பதை ஆண்டுக் கணக்கறிக்கையில் உறுப்பினர்களுக்குக் காட்டலாம். லிஃப்ட்டில் போட்டோவோடு ஒட்டினால் அவதூறு வழக்குக்கு நீங்களே அழைப்பு வைத்த மாதிரி.

என் ஸ்லாட், உன் ஸ்லாட்

பில்டரிடம் லட்சக்கணக்கில் கொடுத்து ‘கவர்டு கார் பார்க்கிங்’ வாங்கியிருப்பீர்கள். அது சொத்தா, வெறும் அனுமதியா?

2010-இல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் பார்க்கிங்கும் திறந்தவெளிப் பார்க்கிங்கும் பொது இடம், பில்டர் அதைத் தனி யூனிட்டாக விற்க முடியாது என்றது. அது அந்த மாநிலச் சட்டத்தை வைத்துச் சொன்னது. பிறகு வந்த 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம், திறந்தவெளிப் பார்க்கிங் பொது இடம் என்று நேரடியாகவே சொல்லிவிட்டது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருந்தால்தான் அது கராஜ். நம் ஊர் ஸ்டில்ட்டில் கூரை இருக்கும், சுவர் இருக்காது, தூண்தான். சண்டை அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

நடைமுறையில் பார்க்க வேண்டியது மூன்று: உங்கள் கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், அனுமதி பெற்ற வரைபடம். அதில் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தால், புதுக் கமிட்டி வந்து கை தூக்கி அதைப் பறிக்க முடியாது. யாருக்கும் ஒதுக்காத இடமாக இருந்தால், ‘நான் பதினைஞ்சு வருஷமா இங்கதான் விடறேன்’ என்பது உரிமை ஆகாது. குலுக்கல், முறை வைப்பது, கட்டணம் என்று ஜெனரல் பாடி முடிவு செய்யலாம். விசிட்டர் பார்க்கிங்கில் நிரந்தரமாகக் கவர் போட்டு நிற்கும் அந்தப் பழைய காரைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த சண்டை ஸ்கூட்டர் சார்ஜர். பொது மீட்டரிலிருந்து வயர் இழுத்தால் எதிர்ப்பது நியாயம், செலவு எல்லோர் தலையிலும் விழுகிறது. ஆனால், மின் வாகனச் சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு கேட்க 2024-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் இடம் தருகின்றன. தனி மீட்டரோடு, பாதுகாப்பான வயரிங்கோடு வருபவரை ‘தீப்பிடிச்சா யார் பொறுப்பு’ என்று மட்டும் சொல்லி விரட்டுவது ரொம்ப நாள் ஓடாது.

பேச்சுலர், வாடகைக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா

இந்தச் சண்டைகளில் ஓட்டே இல்லாமல் அடி வாங்குபவர்கள் இவர்கள். மெயின்டனன்ஸ் கட்டுவது வாடகைக்காரர். ஜெனரல் பாடியில் கை தூக்குவது துபாயில் இருக்கும் ஓனர்.

‘பேச்சுலருக்கு வீடு தரக் கூடாது’ என்ற தீர்மானம் செல்லுமா? தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது உரிமையாளரின் உரிமை; சங்கம் அதில் ஒட்டுமொத்தத் தடை போடுவது நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். ஆனால், சட்டம் இங்கே முழுக்கத் தெளிவாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று வைத்திருந்த கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தின் பைலாவை 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் விதி பற்றியது, வாடகைக்கு வரும் இரண்டு ஐ.டி. பசங்களைப் பற்றியது இல்லை. இருந்தாலும் அசோசியேஷன் வக்கீல் அதை எடுத்து வருவார். போலீஸ் சரிபார்ப்பு கேட்பதும், இரவில் சத்தம் கூடாது என்பதும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் ஏற்கக்கூடிய விதிதான். பேச்சுலருக்கு மட்டும் இரவு பத்து மணிக்குமேல் கேட் மூடும் என்றால், அது விதியே இல்லை.

வீட்டு வேலை செய்பவர்களை லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று எழுதி ஒட்டும் இடங்களும் இருக்கின்றன. நான்காவது மாடிக்கு உங்கள் மளிகை மூட்டையைத் தூக்கி வருபவர் படியில்தான் வர வேண்டும் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்து தீர்மானம் போடுவதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அதற்குச் சாதி காரணமாக இருந்தால் நேராகக் கிரிமினல் வழக்குதான்.

கமிட்டியே சரியில்லை என்றால்?

சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடம் ஒருமுறை பொதுக்குழு கூட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். கமிட்டியின் பதவிக் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மாவட்டப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். பன்னிரண்டு வீடு உள்ள அபார்ட்மென்ட்டில் அது நான்கு கையெழுத்து. அதற்கு முன், பைலாவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். “அது பீரோல எங்கயோ இருக்கு, தேடித் தரேன்” என்ற பதில் வந்தால், கேட்ட தேதியோடு எழுத்தில் இன்னொரு முறை கேளுங்கள்.